சதுர அடைப்பு

வண்ணாரப்பேட்டை ஓட்டலின் இரண்டாம் மாடி.
மூன்று கொடி, மேசை நடுவே பிளாஸ்டிக் பூ,
கடல் தெரியாத ஜன்னல்.
கீழே தாமிரபரணி
பாலத்துத் தூண்களைச் சுற்றிக்கொண்டு
எங்கே போகிறதென்று யாரும் கேட்கவில்லை.

எனக்கு வேலை, வாய்.
சிலாபத்தில் மாமாவின் கருவாட்டுக் கடையில்
ஏழு வருடம் கல்லாவில் இருந்து பிடித்த சிங்களம்,
இப்போது நாளுக்கு மூவாயிரம், சாப்பாடு தனி.
விதி ஒன்றுதான்:
'அவர் சொல்கிறார்' என்று சொல்லக் கூடாது,
'நான்' என்றே சொல்ல வேண்டும்.

முற்பகல் எளிது.
கடல்வளம், நிலைத்த பயன்பாடு, கூட்டுப் பொறுப்பு...
எந்த மொழியிலும் உப்புக் கரிக்காத சொற்கள்.
சாளை அங்கே சாலயா, பாரை அங்கே பராவா;
மீன்களுக்கு நான் தேவைப்படவில்லை.
மாலத்தீவின் ஹஸன் மானிக்கு
தங்கள் பேச்சில் கடலுக்குக் 'கண்டு' என்று பெயர் என்றார்.
கண்டு என்ன செய்தோம்,
மனசுக்குள் கேட்டுக்கொண்டேன். அது கூலியில் சேராது.

மூன்று மணிக்குக் கற்பிட்டிக்காரர் எமில் திசேரா எழுந்தார்.
கோப்பைத் திறக்கவில்லை.
பையிலிருந்து அறுந்த வலை ஒரு முழம் எடுத்து
மேசைமேல் வைத்தார். பூ சாய்ந்தது.
அவர் பேசப் பேச நான் சொன்னேன்:

"என் வலை இது. கடன் வாங்கிப் போட்டது.
உங்கள் இழுவைப் படகு விளக்கை அணைத்துவிட்டு வந்தது.
விடியலில் நான் இழுத்தது கயிறு மட்டும்.
என் மகள் அந்த மாதம் டியூஷனுக்குப் போகவில்லை."

எதிரே கஸ்பார் வில்வராயர்.
எங்கள் கூத்தங்குழி, அடுத்த தெரு,
தூத்துக்குடியில் இரண்டு விசைப்படகு,
எனக்கு ஞானத்தகப்பன்.
என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர்
"யாரு பேசுதது, பெர்னதெத்து?" என்றார்.
விதிப்படி அதையும் சிங்களத்தில் சொன்னேன்.
எமில் தெரியாது என்பதுபோல் கையை விரித்தார்.

பிறகு அவர் முறை. சிங்களத்தில் நான் கஸ்பார் ஆனேன்:
"என் பக்கம் பாரெல்லாம் காலி.
மடி இழுத்து இழுத்து நாங்களே வழித்துவிட்டோம்.
டீசல் போட்ட படகு கோட்டைப் பார்க்காது.
வெறும் பெட்டியோடு கரையேற எனக்கு முகமில்லை."
இதை அவர் ஊரில் யாரிடமும் சொன்னதில்லை,
கோயில் கமிட்டியில்கூட.

அரைமணி நேரம், ஒரே தொண்டையில்,
வலையை அறுத்ததும் நான், அழுததும் நான்.
தண்ணீர் கேட்டேன். தந்தார்கள்.

கணக்குக்கு வந்ததும் எமில் 'பங்குவ' என்றார்.
நான் வாய் திறக்குமுன் கஸ்பார் நிமிர்ந்தார்: "பங்கா?"
படகுக்கு ஒன்று, வலைக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று,
ஆளுக்கு ஒன்று, கோயிலுக்குக் கொஞ்சம்...
விரல் மடக்கி இருவரும்
அவரவர் பாஷையில் எண்ணினார்கள்.
நான் சும்மா இருந்தேன்.
"கடலுக்கு எத்தனை?" என்றார் மானிக்கு, ஆங்கிலத்தில்.
யாரோ சிரித்தார்.
கஸ்பார் மடக்கிய விரல்களைத் திரும்ப ஒருமுறை
விரித்துப் பார்த்துக்கொண்டார்.

ஐந்தரைக்குத் தீர்மானம்.
மூன்று நாடும் ஒரே அறுபது நாள் கடலை அடைப்பது
'பரிசீலிக்கப்படும்.'
ஒப்பாத சொல்லைச் சதுர அடைப்பில் போடுவது வழக்கமாம்.
[பங்கு] என்று அச்சாகியிருந்தது,
இரண்டு பக்கமும் வேலி.

வள்ளியூர் போய் பஸ் மாறினேன்.
இரண்டு சீட் முன்னால் கஸ்பார் மாமா;
காரை விட்டுவிட்டு ஏன் பஸ்ஸில் வந்தாரோ.
ராதாபுரம் தாண்டி, காற்றாலைகளுக்கு நடுவே திரும்பினார்.
"அந்த ஆளு வலை, என்ன கண்ணின்னு கேட்டியா?"
"கேக்கலை மாமா."
"நாப்பது இருக்கும்," என்றார். "நல்ல வலை."
இறங்கும்வரை வேறு பேசவில்லை.